4.99 போட்டால் வந்துவிடும்

டிசைன் ஆபீஸ்களில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தாவும் அறிவுரைகளில் இதற்கு இருக்கும் ஆயுள் வேறு எதற்கும் இல்லை: கேட் (CAD) மாடலில் ஃபில்லட், அதாவது விளிம்பை உருட்டும் வளைவு, விழவில்லையா, ரேடியஸுக்கு 5-க்குப் பதில் 4.99 போடு, வந்துவிடும். வந்தும் விடுகிறது, அதுதான் சிக்கல். வராமல் போயிருந்தால் யாராவது உட்கார்ந்து ஏன் என்று யோசித்திருப்பார்கள். வந்துவிடுவதால் மாடல் சேவ் ஆகிறது, டிராயிங் போகிறது, அந்த 0.01 மி.மீ. அடுத்த ஆளின் தலையில் விடிகிறது.

10 மி.மீ. தடிமன், 200 மி.மீ. நீளமுள்ள ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டுக்கும் 5 மி.மீ. ரேடியஸ் கேட்கிறோம். இரண்டு வளைவும் பக்கவாட்டு ஃபேஸின் (முகத்தின்) நட்டநடுவில் சந்திக்க வேண்டும். அங்கிருந்த தட்டையான ஃபேஸ் முழுதாகக் காணாமல் போக வேண்டும். மென்பொருளுக்கு இது வெறும் வளைக்கும் வேலை இல்லை. ஒரு ஃபேஸை நீக்கி, அதன் மேலும் கீழும் வந்து சேரும் இரண்டு கோடுகளை ஒரே விளிம்பாக ஒட்டி, எந்த ஃபேஸுக்கு எது பக்கத்து வீடு என்ற பதிவேட்டையே திருத்தி எழுத வேண்டும். மென்பொருளுக்குள் வடிவக் கணக்கைப் போடும் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். சில கர்னல்கள் இதைச் செய்துவிடும். இலவச கேட் மென்பொருளான ஃப்ரீகேடின் அடியில் ஓடும் ஓப்பன் கேஸ்கேட் கர்னல் பெரும்பாலும் கைவிரித்துவிடும். 4.99 கொடுத்தால் எதுவும் காணாமல் போக வேண்டியதில்லை. நடுவில் 0.02 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். தலைமுடியின் பாதித் தடிமன்கூட இராது. ஆனால் கர்னலின் கண்ணுக்கு அது மைதானம். சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், ஆன்ஷேப் என்ற கேட் மென்பொருள்கள் மூன்றுக்கும் அடியில் இருக்கும் பாராசாலிட் கர்னல், 0.00001 மி.மீ. இடைவெளி வரை இரண்டு புள்ளிகளை வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கும். அந்த அளவுகோலில் நம் பட்டை 2000 மடங்கு அகலம். மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறது.

பில் பிறகு வருகிறது. வலிமையைக் கணக்கிடும் அனாலிசிஸ் செய்பவர் அந்த மாடலை 2 மி.மீ. எலிமென்ட் அளவில் மெஷ் செய்ய, அதாவது எலிமென்ட் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரிக்க, பார்க்கிறார். 0.02 மி.மீ. பட்டைக்குள் 2 மி.மீ. எலிமென்ட் உட்கார்ந்தால் நீளத்துக்கும் அகலத்துக்கும் 100-க்கு 1 என்ற விகிதம். மெஷ் போடும் மென்பொருள் அதை மறுக்கும். மறுக்காத மென்பொருள், பட்டையின் அகலத்துக்கு ஏற்றபடி அடுக்க ஆரம்பித்தால் 200 மி.மீ. நீளத்துக்கு ஒரே வரிசையில் 10,000 எலிமென்ட். மெஷினுக்கு வெட்டும் பாதை எழுதும் கேம் (CAM) ஆள் விளிம்பைத் தொட்டால் ஒரு கோட்டுக்குப் பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கோடுகள், எதைப் பிடித்தோம் என்று அவருக்கே தெரியாது. டிராயிங்கில் அளவு எடுத்தால் ‘ஆர் 4.99’ என்று கூச்சமில்லாமல் அச்சாகிறது. தரப் பரிசோதனையில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு ரேடியஸ் கேஜ் பெட்டியில் 4.99-ஐத் தேட வேண்டியதுதான்.

இந்தத் தகட்டுக்குச் சரியான வழி இரண்டு. மேல் ஃபேஸ், பக்கவாட்டு ஃபேஸ், கீழ் ஃபேஸ் மூன்றையும் காட்டி ஃபுல் ரவுண்ட் ஃபில்லட் போடுவது ஒன்று. அதில் ரேடியஸே கேட்காது, நடு ஃபேஸ் போயாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இன்னொன்று, முனையின் அரைவட்டத்தை ஸ்கெட்சிலேயே, அதாவது வடிவத்தை எழுப்பும் முன் வரையும் தட்டைப் படத்திலேயே, வரைந்துவிடுவது. என் ஓட்டு இரண்டாவதற்கு. வடிவமே அரைவட்டம்தான் என்றால் அதை ஃபில்லட்டாக ஒட்டவைப்பானேன்?

கோலிக்குண்டு போகும் வழி

ஃபில்லட் தோற்றால் திரையில் வரும் செய்தி யாருக்கும் உதவுவதில்லை. சாலிட்வொர்க்ஸ், இன்புட் ஜியோமெட்ரியையும் ரேடியஸையும் சரிபார், இல்லையென்றால் ஃபேஸ் ஃபில்லட் முயன்று பார் என்கிறது. ஃப்ரீகேடில் ‘பிரெப் ஏபிஐ: கமாண்ட் நாட் டன்’ என்று ஒற்றை வரி. செய்தி ஃபில்லட்டின் பெயரில் வருவதால் நாமும் ஃபில்லட்டையே நோண்டுகிறோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் பெரும்பாலும் பத்து ஃபீச்சருக்கு (மாடலைக் கட்டும் படிக்கு) முன்னால் ஏதோ ஒரு ஸ்கெட்சில் நடந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க, கர்னல் என்ன செய்யப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண ஃபில்லட் என்பது உருளும் பந்து. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு கோலிக்குண்டை உருட்டினால் அது சுவரை ஒரு கோட்டிலும் தரையை ஒரு கோட்டிலும் தொட்டுக்கொண்டே போகும். அந்த இரண்டு தொடுகோடுகளுக்கு நடுவில் குண்டின் உடம்பு தடவிச் செல்லும் பரப்புதான் ஃபில்லட். உள்மூலையில் குண்டு காற்றில் உருளும். வெளிவிளிம்பில் அதே குண்டு பொருளுக்கு உள்ளே, தோலை உள்ளிருந்து தொட்டபடி உருளுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். குண்டின் மையம் போகும் பாதையைக் கண்டுபிடிக்க, கர்னல் இரண்டு ஃபேஸ்களையும் ரேடியஸ் அளவுக்கு ஆஃப்செட் செய்து, அதாவது இணையாகத் தள்ளிவைத்து, அவை வெட்டிக்கொள்ளும் கோட்டை எடுக்கிறது. தட்டைக்கும் தட்டைக்கும் நடுவில் என்றால் உருளை கிடைக்கும். தட்டைமேல் செங்குத்தாக நிற்கும் உருளையின் அடியில் என்றால் டோரஸ், அதாவது மெதுவடையின் உள்வளைவு. மற்றதெல்லாம் ஸ்ப்லைன், அதாவது நெளிந்து போகும் பரப்பு.

இந்தப் படம் மனதில் இருந்தால் பாதித் தோல்விகளைப் பேப்பரிலேயே கண்டுபிடிக்கலாம். முதல் கேள்வி, குண்டு எவ்வளவு தூரத்தில் தொடும்? விளிம்பிலிருந்து தொடுகோடு வரையிலான தூரம், ரேடியஸை இரண்டு ஃபேஸ்களுக்கும் இடையிலான கோணத்தில் பாதியின் டேன்ஜென்டால் வகுத்தால் வருவது. கோணம் என்பது குண்டு இருக்கும் பக்கத்துக் கோணம். 90 டிகிரியில் 5 மி.மீ. ரேடியஸுக்கு 5 மி.மீ. இடம் போதும். 120 டிகிரியில் 2.89 போதும். 60 டிகிரியில் 8.66 தேவை. 30 டிகிரி கூர்மையான விளிம்பில் அதே 5 மி.மீ. ரேடியஸுக்கு இரண்டு பக்கமும் 18.66 மி.மீ. காலி இடம் வேண்டும். ‘5 மி.மீ.தானே கேட்டேன்’ என்ற ஆச்சரியம் பெரும்பாலும் இந்த மாதிரிக் கூர்ங்கோணங்களில்தான் எழுகிறது.

இரண்டாவது கேள்வி, வளைவில் குண்டு நுழையுமா? மில்லிங்கில் எடுக்கும் ஒரு பாக்கெட்டின் (குழியின்) செங்குத்து மூலைகளுக்கு 5 மி.மீ. ரேடியஸ் கொடுத்துவிட்டு, தரையைச் சுற்றி 6 மி.மீ. கேட்டால் நடக்காது. மூலை உருளையின் ஆரம் 5, குண்டின் ஆரம் 6. ஆஃப்செட் செய்தால் 5-லிருந்து 6 போக மைனஸ் 1, அப்படியொரு உருளை இல்லை. 5-க்கு 5 கொடுத்தால் ஆஃப்செட் பூஜ்யம்: மூலையைச் சுற்றும்போது குண்டின் மையம் நகராமல் ஒரே புள்ளியில் நின்று சுழலும், மூலை கோளத்தில் எட்டில் ஒரு துண்டாக முடியும். சில கர்னல் ஏற்கும், சில திணறும். தரை ரேடியஸ் மூலை ரேடியஸைவிடச் சிறியதாக இருந்தால் எல்லாரும் நிம்மதி. மெஷினிஸ்டும்தான். 10 மி.மீ. விட்டமுள்ள எண்ட்மில் (மில்லிங் கட்டர்) கொண்டு வெட்டும் பாக்கெட்டுக்கு மூலை சரியாக 5 என்று கொடுத்தால் டூல் மூலையில் நின்று திரும்பும்போது முழுக் கால்வட்டமும் பொருளில் சிக்கி அதிரும், மூலையில் அடையாளம் விழும். 5.5 அல்லது 6 கொடுத்தால் டூல் வளைந்து போகும். கர்னலுக்கு ஒத்துக்கொள்ளாதது பல சமயம் மெஷினுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் இதை விதியாக்கிவிட வேண்டாம், விதிவிலக்கு நிறைய.

எந்த எண்ணில் உடைகிறது

தோற்ற ஃபில்லட்டிடம் முதலில் 0.1 மி.மீ. கேட்டுப் பார்க்க வேண்டும். 0.1-ம் விழவில்லை என்றால் பிரச்சினை இடம் பற்றியது இல்லை; விளிம்பிலோ முனையிலோ கோளாறு, அதற்குப் பிறகு வருகிறேன். 0.1 விழுந்து கேட்ட ரேடியஸ் மட்டும் விழவில்லை என்றால் குண்டு எதிலோ முட்டுகிறது. எதில் என்று தெரிய, பாதி பாதியாகப் பிரித்துத் தேடலாம்.

ஒரு வார்ப்பு பிராக்கெட். 80-க்கு 60 அடித்தகடு, 8 மி.மீ. தடிமன், அதன் ஓரத்தில் எழும் 8 மி.மீ. சுவர். சுவரின் அடிமூலைக்கு 6 மி.மீ. ரேடியஸ் வேண்டும். அடித்தகட்டில் எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை, வாஷர் உட்கார 18 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. ஆழ ஸ்பாட்ஃபேஸ், துளையின் மையம் சுவரிலிருந்து 14 மி.மீ. தூரத்தில். 6 விழவில்லை. 3 விழுகிறது. நடுவில் 4.5 விழுகிறது. 5.25 விழவில்லை. 4.9 விழுகிறது. 5.05 விழவில்லை. ஆக எல்லை 5. இங்கே நிறுத்திவிட்டு 4.99 போட்டு எழுந்து போவதுதான் வழக்கம். அதற்குப் பதில், இந்த மாடலில் 5 எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். மென்பொருளின் அளக்கும் டூலை எடுத்து அந்த விளிம்பைச் சுற்றி அளந்தால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும்: மையம் 14, ஸ்பாட்ஃபேஸின் ஆரம் 9, சுவரிலிருந்து அதன் விளிம்பு வரை 5. ஃபில்லட்டின் தொடுகோடு ஸ்பாட்ஃபேஸ் வட்டத்தை முத்தமிடும் இடம் அது. 6 மி.மீ. குண்டுக்குத் தரை வேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கிறது. 4.99 போட்டால் பள்ளத்துக்கும் ஃபில்லட்டுக்கும் நடுவில் 0.01 மி.மீ. கழுத்து மிஞ்சும்.

கர்னல் உடையும் எண் அளவெடுத்துச் சொன்ன பதில். அதை அமுக்கிவிட்டு 0.01 குறைப்பது, ஜுரத்தைக் காட்டும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் நனைப்பது மாதிரி.

பட்டறை வரிசை

மேலே சொன்ன பிராக்கெட்டுக்கு வைத்தியம் ரேடியஸில் இல்லை, ஃபீச்சர் ட்ரீயின், அதாவது ஃபீச்சர்களை வரிசையாகக் காட்டும் பட்டியலின், வரிசையில் இருக்கிறது. ஃபில்லட்டை இழுத்து ஸ்பாட்ஃபேஸுக்கு மேலே போட்டால் 6 மி.மீ. தடையில்லாமல் விழும். அப்போது அங்கே துளையே கிடையாது. பிறகு ஸ்பாட்ஃபேஸ் வந்து தன் 18 மி.மீ. வட்டத்தை வெட்டிக்கொள்ளும், போகிற போக்கில் ஃபில்லட்டின் ஓரத்தையும் கொஞ்சம் சீவும். எவ்வளவு? சுவரிலிருந்து 5 மி.மீ. தூரத்தில் 6 மி.மீ. ஃபில்லட்டின் உயரம், 6-லிருந்து 35-இன் வர்க்கமூலத்தைக் கழித்தால் 0.084 மி.மீ. அவ்வளவுதான். எம்8 வாஷரின் வெளிவிட்டம் 16, ஸ்பாட்ஃபேஸ் 18, எதிலும் இடிக்காது. டிசைனில் தப்பு எதுவும் இல்லை, மாடல் செய்த வரிசையில்தான் தப்பு.

இங்கேதான் பயிற்சி மையங்களில் மந்திரம் மாதிரி ஓதப்படும் ‘ஃபில்லட்டை எப்போதும் கடைசியில் போடு’ என்ற விதியோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஃபில்லட்டின் விளிம்பைப் பிடித்து ஸ்கெட்ச் வரைந்தால், பின்னால் ரேடியஸை மாற்றும்போது ஸ்கெட்ச் அநாதையாகிவிடும். ஃப்ரீகேடில் முன்பு ஏதாவது ஒரு பேடை (ஸ்கெட்சிலிருந்து எழுப்பிய கட்டையை) மாற்றினால் விளிம்புகளின் எண்கள் மாறி ஃபில்லட் வேறெங்கோ போய் உட்காரும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதற்கு ஓரளவு மருந்து கிடைத்தது. ஆகவே ஃபில்லட்டைச் சார்ந்து எதையும் கட்டாதே என்பது சரி. அதைக் ‘கடைசியில்’ என்று சுருக்கியதில்தான் கோளாறு.

ஃபவுண்டரியில் நடப்பதைப் பார்த்தால் தெரியும். மணல் அச்சு எடுக்க மரப் பேட்டர்ன் (மாதிரி) செய்த காலத்தில் உள்மூலைகளுக்குத் தோல் பட்டையையோ மெழுகுப் பட்டையையோ வைத்து, குண்டு முனையுள்ள கருவியால் அழுத்தி ரேடியஸ் எடுப்பார்கள். ஃபில்லட் பேட்டர்னின் பகுதி. அதற்குப் பிறகு மோல்டு, உலோகத்தை உருக்குதல், வார்ப்பு, அப்புறம்தான் மெஷினிங். துளையும் ஸ்பாட்ஃபேஸும் ஃபில்லட்டுக்குப் பிறகு வருபவை. கோவைப் பக்கம் பம்ப் வார்ப்புகளோடு புழங்குபவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் அதே ஆட்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். வார்ப்பு வடிவம், டிராஃப்ட் (சுவரின் சாய்வு), வார்ப்பு ஃபில்லட்டுகள், அதன்பின் மெஷினிங் வெட்டுகள், கடைசியில் விளிம்பு உடைக்கும் சேம்ஃபர் (சாய்வெட்டு) என்று ட்ரீயை அடுக்கினால் பாதி எர்ரர் வராமலே போகும். டிராஃப்ட் ஏன் முன்னால் என்றால், ஃபில்லட் போட்ட சுவரைச் சாய்க்கச் சொன்னால் அதோடு இழைந்திருக்கும் வளைவும் கூடவே நகர வேண்டும். தட்டையாக நிற்கும்போதே 1 அல்லது 2 டிகிரி சாய்த்துவிட்டால் குண்டு சாய்ந்த சுவரில் உருண்டுகொள்ளும்.

இந்த வரிசை இன்னொரு பொய்யையும் அம்பலப்படுத்தும். அடித்தகட்டின் அடிப்பக்கம் மெஷின் செய்யும் ஃபேஸ். அதன் சுற்று விளிம்புக்கு 3 மி.மீ. ஃபில்லட் அழகாக வரைந்திருப்பார்கள். மெஷினிங்குக்காக வார்ப்பில் கூடுதலாக விடும் 3 மி.மீ. அலவன்ஸ் சீவப்பட்டால் அந்த விளிம்பு கத்தி போல் கூராகத்தான் வரும். அங்கே ரவுண்டு வேண்டுமென்றால் தனியாகக் கார்னர் ரவுண்டிங் கட்டரோ, பால் நோஸ் டூலை வைத்துப் படிப்படியாகச் சீவுவதோ தேவை. பெரும்பாலும் வேண்டியது கை கிழிக்காத ஒரு 0.5 மி.மீ. சேம்ஃபர் மட்டுமே.

மூன்று விளிம்பு சேரும் முனை

0.1 மி.மீ.-க்கும் ஒத்துக்கொள்ளாத ஃபில்லட்டுகளில் பெரும்பான்மை, விளிம்பின் நடுவில் தோற்பதில்லை, முனையில் தோற்கும். மூன்று விளிம்பு ஒரு முனையில் சேர்ந்து, மூன்றும் வெளிவிளிம்பாக, ஒரே ரேடியஸாக இருந்தால் குண்டு அங்கே நின்று ஒரு கோளத் துண்டை விட்டுப் போகும். மூன்றையும் ஒரே கட்டளையில் தேர்ந்தெடுத்தால் போதும். ரேடியஸ்கள் வேறுபட்டால் பெரியது முதலில், சிறியது பிறகு. இந்த விதியைக் காரணம் சொல்லாமலே எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். காரணம் பாக்கெட்டில் பார்த்ததுதான். பிராக்கெட்டின் நடுவில் சுவரையும் அடித்தகட்டையும் பிடிக்கும் ஒரு ரிப் (தாங்கு தகடு) நிற்கிறது, அதன் அடிக்கு 4 மி.மீ. ரேடியஸ். சுவர் மூலையின் 6 முதலில் விழுந்தால், 4 மி.மீ. குண்டு தரையோரம் வந்து, 6 மி.மீ. வளைவில் ஏறி, சுவரோரம் மேலே போகும். வளைவில் மையத்தின் பாதைக்கு 6-லிருந்து 4 போக 2 மி.மீ. ஆரம் இருக்கிறது, சுகமாகத் திரும்பும். ரிப்புக்கு 8 கேட்டால் திரும்ப முடியாது, எந்த வரிசையில் போட்டாலும்.

கலப்பு முனைகள் வேறு ரகம். அந்த ரிப்பின் மேல்முகம் 45 டிகிரி சரிந்து வந்து அடித்தகட்டைத் தொடும் நுனியைக் கிட்டத்தில் பார்ப்போம். ரிப் 6 மி.மீ. தடிமன். நுனியின் ஒவ்வொரு மூலையிலும் மூன்று விளிம்புகள்: ரிப்பின் பக்கச்சுவர் தரையைத் தொடும் உள்விளிம்பு, நுனி தரையைத் தொடும் உள்விளிம்பு, சரிவின் ஓரமாக மேலே ஏறும் வெளிவிளிம்பு. இரண்டு உள், ஒன்று வெளி. உள்விளிம்புகளை முதலில் எடுத்தால் குண்டு பக்கச்சுவரோரம் உருண்டு வந்து மூலையில் சட்டென்று திசைமாற வேண்டும், அங்கே சுவர் முடிந்துவிட்டது, சாய்ந்து கொள்ள எதுவுமில்லை. வெளிவிளிம்பை முதலில் 2 மி.மீ. ரவுண்டு செய்தால் நிலைமை மாறிவிடும். சரிவின் மேல் 2 மி.மீ. அகலத் தட்டைப் பட்டை மிஞ்சும், இரண்டு ஓரமும் உருளையாகும், அந்தச் சாய்ந்த உருளைகள் தரையை நீள்வட்டத் துண்டுகளாக வெட்டும். பக்கம், நீள்வட்டம், நுனி, நீள்வட்டம், மறுபக்கம் என்று அடிக்கோடு முழுவதும் முறிவே இல்லாத ஒரே சங்கிலி. முறிவில்லாமல் தொடரும் விளிம்புகளைத் தானாகச் சேர்க்கும் டேன்ஜென்ட் ப்ரொபகேஷன் போட்டுவிட்டு ஒரு விளிம்பைத் தொட்டால் முழுச் சுற்றும் பிடிபடும், 4 மி.மீ. குண்டு நிற்காமல் ஓடும்.

படிக்கட்டு வடிவக் கட்டையில் கதை தலைகீழ். படியின் உள்மூலைக் கோடு பக்கவாட்டில் வந்து முடியும் முனையில் இரண்டு வெளிவிளிம்பு, ஒரு உள்விளிம்பு. வெளிவிளிம்புகளை முதலில் ரவுண்டு செய்தால் இரண்டு வளைவும் மூலையில் முட்டிக்கொள்ளும், உள்மூலைக் கோடு அந்த வளைவுகளுக்கு நடுவில் இறங்கி, கூர்மை குறைந்து குறைந்து, பக்கவாட்டு ஃபேஸில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும். கரைந்துபோகும் விளிம்பில் குண்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? உள்மூலையை முதலில் எடுத்தால் வெளிவிளிம்பு இரண்டும் ஒரு வில்லால் இணைந்து ஒரே சங்கிலியாகிவிடும். இரண்டு உதாரணத்துக்கும் பொதுவானது ஒன்றே: மூன்றில் எது வேற்று ஜாதியோ அதற்கு முதலிடம். உள்ளா வெளியா என்பது முக்கியமில்லை, சிறுபான்மை எது என்பதே முக்கியம்.

தொட்டும் தொடாமலும்

கரைந்துபோகும் விளிம்பு வேறு இடங்களிலும் உண்டு. 20 மி.மீ. அகலக் கைப்பிடித் தகட்டின் மேல் 20 மி.மீ. விட்டத்தில் பாஸ் (உருளை மேடு) வைத்தால், பாஸின் வட்டம் தகட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பாஸின் அடிவட்டத்தில் ஃபில்லட் கேட்டால், அந்தத் தொடும் புள்ளியில் குண்டு நிற்கத் தரையின் அகலம் பூஜ்யம். கர்னலைத் திட்டிப் பயனில்லை. பாஸை 24 ஆக்கி ஓரத்தைத் தாண்டவிடலாம், அல்லது 16 ஆக்கி உள்ளே இழுத்து 2 மி.மீ. தரை விட்டு, ஃபில்லட்டை 1.5-க்குள் வைக்கலாம். இரண்டும் கெட்டான் நிலைதான் கூடாது.

திண்மத்தை உள்ளே குடைந்து சுவர் மட்டும் விடும் ஷெல்லிலும் இதே இரண்டும் கெட்டான் வரும். வெளி ரேடியஸ் 3, சுவர் தடிமன் 3 என்றால் உள்ளே ரேடியஸ் பூஜ்யம்: ஒரு உருளை சுருங்கி வெறும் கோடாக வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களில் உள் ரேடியஸ் தடிமனில் பாதியாவது இருக்கட்டும் என்பது பழகிய கணக்கு, வெளி ரேடியஸ் அதோடு தடிமன் சேர்ந்தது. 2 மி.மீ. சுவருக்கு உள்ளே 1, வெளியே 3. வெளி ஃபில்லட்டைப் போட்டுவிட்டு ஷெல் செய்தால் உள்ளது தானாக வரும், தடிமனும் மூலையில் சீராக இருக்கும்.

வேறு மென்பொருளிலிருந்து ஸ்டெப் (STEP) ஃபைலாக வந்த மாடல் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யும் முன் அதன் உடம்பைச் சோதிக்க வேண்டும். ஒரு கர்னலின் கணக்கை இன்னொரு கர்னல் படிக்கும்போது விளிம்புகள் முழுசாகச் சேராமல் நிற்கலாம், 0.003 மி.மீ. நீளத் துண்டு விளிம்பு முனையில் ஒளிந்திருக்கலாம். குண்டுக்கு அது ஒரு தனி விளிம்பு. சாலிட்வொர்க்ஸில் இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ், ஃப்ரீகேடில் பார்ட் வொர்க்பெஞ்சின் செக் ஜியோமெட்ரி. ஒரே சமதளத்தில் இருக்கும் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே வீணாக ஒரு தையல் கோடு ஓடினால் ரிஃபைன் ஷேப் அதை அழித்துவிடும். சரிப்படாத மூலையை டெலீட் ஃபேஸ் கொண்டு நீக்கி, பக்கத்து ஃபேஸ்களை நீட்டி மூடவைத்து, கூர்மையான விளிம்பைத் திரும்பப் பெற்று, அங்கே புதிதாக ஃபில்லட் போடுவது, பழையதைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்வதைவிட வேகம். நடுவில் குப்பையாகச் சின்ன ஃபேஸ்கள் கிடந்தால் ஃபேஸ் ஃபில்லட் கைகொடுக்கும். அது விளிம்பைக் கேட்பதில்லை, இரண்டு பக்கத்து ஃபேஸ்களை மட்டும் கேட்கும். குண்டு இரண்டையும் தொட்டால் போதும், இடையில் இருப்பதை விழுங்கிவிடும்.

அனாலிசிஸுக்கு அனுப்பும் மாடலில் ஃபில்லட்டுகளை மொத்தமாக சப்ரெஸ் செய்யும் (தற்காலிகமாக நீக்கிவைக்கும்) பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.5 மி.மீ. அலங்கார ரவுண்டுகள் போகட்டும். சுவர் மூலையின் அந்த 6 மி.மீ. போகக் கூடாது. கூரான உள்மூலையில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு உண்மையான எண் கிடையாது; மெஷைப் பொடியாக்கப் பொடியாக்க அது ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதினாலும் அது மெஷ் எலிமென்ட் அளவைப் பற்றிய தகவலே தவிர பிராக்கெட்டைப் பற்றியது இல்லை.

கையில் ஏதாவது பழைய மாடல் இருந்தால் சாலிட்வொர்க்ஸின் எவேலுவேட் டேபில் செக் என்பதைத் திறந்து, ஷார்ட் எட்ஜ் என்பதை டிக் செய்து, எல்லையாக 0.05 மி.மீ. கொடுத்துப் பாருங்கள். ஏதாவது சிக்கினால், அதன் பக்கத்தில் இருக்கும் ஃபில்லட்டை எடிட் செய்து ரேடியஸ் பெட்டியைப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 99 ஆக இருந்தால், அதை முழு எண்ணாக்கி, உடைய விட்டு, எந்த எண்ணில் உடைகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தேட வேண்டிய ஃபீச்சர் அந்த எண்ணிலிருந்து தெரிந்துவிடும்.